ஒரு ஜாஸ் கலைஞர் இறந்தால் வானொலியில் எப்படி அஞ்சலி செலுத்துவார்கள்? கேட்டுப் பார்க்க எங்கே போகலாம்?

நான் கேட்டவரையில் இதை முழு மனதோடு செய்வது நியூயார்க்கின் டபிள்யூகேசிஆர், 89.9 எஃப்.எம். கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் நடத்துகிற, விளம்பரமே இல்லாத நிலையம். பெரிய கலைஞர் ஒருவர் போய்விட்டார் என்று செய்தி வந்தால் வழக்கமான நிகழ்ச்சிகளை ஒதுக்கிவிட்டு மணிக்கணக்கில் அவர் வாசித்ததை மட்டுமே போடுவார்கள். பல நிலையங்களில் செய்தியோடு ஒரு புகழ்பெற்ற பாட்டு, அதோடு சரி. அது எனக்குப் போதவே போதாது.

ஏனென்றால் ஜாஸில் ஒருவருடைய வாழ்க்கையில் பாதி, அடுத்தவர் பெயரில் வந்த இசைத்தட்டுகளில்தான் இருக்கும். டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச் 2007 ஆகஸ்டில் இறந்தார். அவர் பெயர் போட்ட ஆல்பங்களை மட்டும் வரிசையாகப் போட்டால், 1945இல் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரோடு பதிவு செய்த 'கோ-கோ' விட்டுப்போகும், 1956இல் சோனி ராலின்ஸோடு வாசித்த 'செயின்ட் தாமஸ்' விட்டுப்போகும். ராலின்ஸின் பிறந்தநாளில் அந்தச் 'செயின்ட் தாமஸை'ப் போட்டால் காது சாக்ஸபோன் பின்னாலேயே போகிறது. அதையே ரோச்சுக்கான அஞ்சலியில் கேளுங்கள், நடுவில் அவர் தனியாக வாசிக்கிற இடம்தான் முழுப் பாட்டுமாகத் தெரியும். அதனால் யார் யார் வாசித்தார்கள், எந்த வருஷம் என்று பெயர்களைச் சொல்லாமல் பாட்டை மட்டும் ஓட்டுகிற நிகழ்ச்சியை நான் அஞ்சலி என்றே சொல்ல மாட்டேன், பக்கவாத்தியக்காரரின் பெயரையும் சொல்லத்தான் வேண்டும்.

இதில் ஃபில் ஷாப் மாதிரி இன்னொருவர் கிடையாது. 1970இல் மாணவராக அந்த நிலையத்துக்குள் போனவர், 1981இலிருந்து வார நாள் காலைகளில் 'பேர்ட் ஃப்ளைட்' என்று பார்க்கருக்காக மட்டுமே ஒரு நிகழ்ச்சி நடத்தினார். பார்க்கர் 1955இல், 34 வயதில் இறந்துபோனவர். மூன்று நிமிடப் பதிவுக்கு அதைவிட நீளமாக விளக்கம் சொல்வார் ஷாப். பேச்சு அதிகம் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு, ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டபிறகு அதே பதிவு வேறு மாதிரி ஒலிப்பதை நான் திரும்பத் திரும்ப உணர்ந்திருக்கிறேன். 2021 செப்டம்பரில் அவரும் காலமானார்.

அப்புறம், இந்த நிலையத்தில் மறைந்தவர்களின் பிறந்தநாளையும் வருஷா வருஷம் கொண்டாடுவார்கள். டிரம்பெட் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு இரண்டு நாள், அவரே பிறந்தநாள் என்று சொல்லிவந்த ஜூலை 4, பிறகு ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து தெரியவந்த ஆகஸ்ட் 4.

முதல்முறை கேட்பவர் என்றால் ஆகஸ்ட் 27இல் ஆரம்பியுங்கள். அன்று சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் பிறந்தநாள், 29 பார்க்கருடையது, இருவருக்கும் சேர்த்து மூன்று நாள் விடாமல் ஓடும். பார்க்கர் இளம் வயதில் யங்கின் தட்டுகளைப் போட்டுப் போட்டு அப்படியே வாசிக்கக் கற்றுக்கொண்டவர், அதனால் இந்த இரண்டு பேரை அடுத்தடுத்துக் கேட்பதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. இணையத்தில் நேரலையாகக் கிடைக்கும். அங்கே நள்ளிரவு என்றால் நமக்குக் காலை ஒன்பதரை, வேலை பார்த்துக்கொண்டே பின்னணியில் ஓடவிடலாம்.