கட்டபொம்மன் நாடகத்துக்குத் துணி எடுக்கப் போகிறீர்களா?

கேள்வி: எங்கள் கல்லூரித் தமிழ் மன்றம் கட்டபொம்மன் நாடகம் போடுகிறது. பாளையத்து வீரர்கள், கம்பெனிச் சிப்பாய்கள் என்று 14 பேருக்கு உடை வேண்டும். கையில் இருப்பது 25,000 ரூபாய். கடையில் ‘ராஜா டிரஸ்’ என்றதும் வெல்வெட்டையும் ஜிகினா சாட்டினையும் எடுத்துப் போடுகிறார்கள். அதையே வாங்கலாமா?
– பேராசிரியை, மதுரை

பதில்: வேண்டாம். அந்தத் துணிகள் பெரும்பாலும் பாலியெஸ்டர். மேடை விளக்கு பட்டதும் கண் கூசும், போட்டிருப்பவருக்கு வியர்த்துக் கொட்டும். 1799-ல் பாஞ்சாலங்குறிச்சிப் படைவீரன் உடுத்தியது பருத்தி. அதிலும் வேட்டி, இடுப்புக் கச்சை, தலைப்பாகை என்று வெட்டித் தைக்காத துணிதான் அதிகம். வீரர் வேடத்துக்குத் தையல்கூலியே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மிச்சமாகும் பணத்தை நல்ல கைத்தறியில் போடுங்கள்.

நம் மனதில் இருக்கும் கட்டபொம்மன் உருவம் சினிமா கொடுத்தது. துணி எடுக்கும் முன் மாணவர்களை சேதுபதி மன்னர்களின் அரண்மனையான ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்துக்கு ஒரு முறை அழைத்துப் போங்கள். அங்குள்ள சுவரோவியங்கள் 18-ம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை. சேதுபதி இருக்கிறார், படைவீரர்கள் இருக்கிறார்கள், ஐரோப்பியரும் இருக்கிறார்கள். யார் எதை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வந்தால் கடைக்காரர் நம்மை இழுத்த இழுப்புக்குப் போக வேண்டியிருக்காது.

வேட்டிக்கும் கச்சைக்கும் வெளுக்காத காடா துணியே போதும். இன்றைய வேட்டியின் பளீர் வெள்ளை விளக்கொளியில் நீலம் அடிக்கும். வீட்டில் இருக்கும் பழைய வேட்டிகளைத் தேயிலை டிகாக்‌ஷனில் முக்கி எடுத்தாலும் சரியாக வரும். தலைப்பாகைக்கும் தலைவர்களின் அங்கிக்கும் மல் துணி, அதாவது மெல்லிய பருத்தி, எடுங்கள். அங்கியின் கீழ்ப்பகுதியில் சுருக்கு நிறைய வர வேண்டும் என்பதால் ஒருவருக்கு ஆறேழு மீட்டர் ஆகும். இதில் சிக்கனம் பார்த்தால் அங்கி நைட்டி மாதிரி தொங்கும். நிறத்தில் செங்கல் சிவப்பு, அவுரி நீலம், மங்கிய மஞ்சள் போன்றவற்றை எடுங்கள். செயற்கைச் சாயமே 1856-க்குப் பிறகு வந்ததுதான். அதனால் ஃப்ளோரசன்ட் பச்சை வேண்டவே வேண்டாம்.

சிப்பாய்களின் சிவப்புக் கோட்டுதான் செலவு வைக்கும். அன்று அது கம்பளித் துணி. நம் ஊர் வெயிலுக்கும் உங்கள் பட்ஜெட்டுக்கும் பளபளப்பில்லாத கனத்த பருத்தி போதும். டிரில் அல்லது கேஸ்மென்ட் என்று கேளுங்கள். எல்லாக் கோட்டுக்கும் ஒரே தடவையில், ஒரே கட்டிலிருந்து வாங்கிவிடுங்கள். அடுத்த வாரம் போய் இரண்டு மீட்டர் கூடுதலாகக் கேட்டால் அதே சிவப்பு கிடைக்காது.

கடையில் முதலில் எத்தனை பன்னா, அதாவது துணியின் அகலம் எவ்வளவு, என்று கேளுங்கள். 36 அங்குலத் துணிக்கும் 58 அங்குலத் துணிக்கும் மீட்டர் கணக்கே மாறிவிடும். துணியை இழுத்துப் பிடித்து அளக்க விடாதீர்கள். நிறத்தை ட்யூப்லைட்டில் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஈரக் கைக்குட்டையால் ஓரத்தைத் தேய்த்தால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும். அப்புறம், பருத்தி சுருங்கும். வீட்டுக்கு வந்ததும் முழுத் துணியையும் நனைத்துக் காயவைத்த பிறகே கத்தரி வைக்க வேண்டும்.

தைப்பதற்கு, மீனாட்சியம்மன் கோயில் எதிரே உள்ள புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிய தையற்காரர்களை விசாரியுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடம் தைத்துப் பழகிய கைகள். ஆனால் துணியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். அவர்கள் பொறுப்பில் விட்டால் வெல்வெட்டும் ஜிகினாவும் திரும்ப வந்துவிடும்.

கேள்வி: இதே மாதிரி ஒரு நடன நாடகத்துக்கு இணையத்தில் ‘சுத்தப் பட்டு’ என்று போட்டிருந்த துணியை வாங்கினேன். கையில் எடுத்தால் வழவழவென்று பாலியெஸ்டர் போல இருக்கிறது. எப்படி உறுதி செய்வது? பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகி, திருச்சி

பதில்: ஓரத்திலிருந்து நான்கைந்து இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். உருகிக் கறுப்பாகக் கெட்டியான உருண்டை நின்றால் பாலியெஸ்டர். குறுக்கே ஓடும் ஊடை இழையையும் நெடுக்கே ஓடும் பாவு இழையையும் தனித்தனியே சோதியுங்கள், ஏனென்றால் ஒன்று மட்டும் பட்டாக இருக்கும் துணிகளும் உண்டு. அடுத்த முறை, சுத்தப் பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பணத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். துணியை வெட்டாமல் வையுங்கள். ‘சுத்தப் பட்டு’ என்ற விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து, பில்லோடு விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.