டிக் அடித்தவள் சொல்கிறேன்

"உளவியல் ஆய்வுகளில் சார்பும் பிழையும் எங்கிருந்து நுழைகின்றன?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதுநிலை ஆய்வேட்டுக்கான வினாநிரலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று தோன்றுகிறது. வழக்கமாக இதற்கு மாதிரியின் அளவு, புள்ளியியல் சோதனை என்றுதான் பதில் வரும். அவை தவறில்லை. ஆனால் அதற்கு வெகு முன்பே, ஒரு வீட்டுத் திண்ணையில் பிழை நுழைந்ததை நான் பார்த்திருக்கிறேன். நுழைய விட்டவளும் நான்தான்.

பட்டப்படிப்பு முடித்த ஆண்டில் முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவருக்குக் கள உதவியாளராக வேலை பார்த்தேன். படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஆகவே யாருக்கும் நிதானம் கிடையாது. கூட்டுக் குடும்பத்தில் வாழும் பெண்களுக்கு மன அழுத்தம் குறைவு, தனிக்குடித்தனத்தில் இருப்பவர்களுக்கு அதிகம் என்பது அவருடைய கருதுகோள். பயிற்சி நாளன்றே அதை எங்களிடம் சொல்லிவிட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' முதல் 'எப்போதும்' வரை ஐந்து கட்டங்கள். அந்த ஐந்து சொற்களில் யார் பேசுகிறார்கள்? "போன மாசத்துல எதையும் சமாளிக்க முடியலன்னு தோணுச்சா?" என்று கேட்டால், "என்னத்தச் சொல்ல, ஓடுது" என்பார்கள். அந்த 'ஓடுது' எந்தக் கட்டத்துக்கு உரியது என்பதை என் பேனாதான் முடிவு செய்தது.

சொன்ன பதிலை அப்படியே ஓரத்தில் பென்சிலால் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. இரண்டாவது வாரம், இரவில் படிவங்களைக் கணினியில் ஏற்றும்போதுதான் கவனித்தேன்: அதே 'ஓடுது' கூட்டுக் குடும்பப் படிவங்களில் 'ஒருபோதும் இல்லை' என்றும், தனிக்குடித்தனப் படிவங்களில் 'சில நேரங்களில்' என்றும் ஆகியிருந்தது. நான் பொய் எழுதவில்லை. அந்தந்த வாசலில் நின்றபோது அதுவே சரியென்று பட்டது. போதாக்குறைக்கு, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருக்க, "வீட்டுல மனக்கஷ்டம் உண்டா?" என்று மருமகளிடம் கேட்டிருக்கிறேன். "ஐயோ, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்பதைத் தவிர அவள் வேறென்ன சொல்வாள்? கேட்பவளின் எதிர்பார்ப்பு ஒன்று, நல்ல பெயர் கெடக்கூடாது என்ற பதிலாளியின் கவலை மற்றொன்று. இரண்டும் எதிரெதிராக இழுத்திருந்தால் ஓரளவாவது கழிந்திருக்கும், இங்கே இரண்டுமே கருதுகோளின் பக்கம் சாய்ந்தன. 300 பேருக்குப் பதில் 3,000 பேரிடம் கேட்டிருந்தாலும் அதே கை அதே கட்டத்தில்தான் டிக் அடித்திருக்கும்.

கத்துக்குட்டியின் தவறு, ஆய்வுக்கூடத்தில் இப்படி நடக்காது என்று சிலர் சொல்லக்கூடும். அங்கேயும் நடந்திருக்கிறது. 1963இல் ராபர்ட் ரோசந்தால், கெர்மிட் ஃபோட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 12 மாணவர்களிடம் ஆளுக்கு ஐந்து எலிகளைக் கொடுத்து, பாதிப் பேரிடம் அவை புத்திசாலி வம்சம் என்றும், மீதிப் பேரிடம் மந்த வம்சம் என்றும் சொல்லிவைத்தார்கள். உண்மையில் எல்லாமே சாதாரண எலிகள். ஆனாலும் 'புத்திசாலி' எலிகளே சோதனைப் பாதையில் நன்றாகச் செய்தன. அவற்றை வைத்திருந்தவர்கள் கூடுதல் மென்மையோடு கையாண்டதாகத் தாங்களே சொன்னார்கள். எலிக்கே அப்படியென்றால், என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் பெண்ணைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

உளவியலே பொய் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். இந்தக் குறைகளைத் தோண்டி எடுத்தவர்களும் உளவியலாளர்களே. 2011இல் சிமன்ஸ், நெல்சன், சிமன்சன் ஆகிய மூன்று ஆய்வாளர்களும், எந்த அளவீட்டை வைத்துக்கொள்வது, எப்போது தரவு திரட்டலை நிறுத்துவது போன்ற சில்லறைச் சலுகைகளை ஒன்றுசேர்த்தால், 5 விழுக்காடாக இருக்க வேண்டிய பொய்யான வெற்றி, அதாவது இல்லாத விளைவை இருப்பதாகக் காட்டும் வாய்ப்பு, 60 விழுக்காட்டைத் தாண்டும் என்று கணினியில் செயற்கைத் தரவை ஓட்டிக் காட்டினார்கள். 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு பொருட்படத்தக்க முடிவு (வெறும் தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத முடிவு) தந்திருக்க, மறுமுறை 36 விழுக்காடே தந்தன. திரும்ப வராததெல்லாம் பொய் என்று ஆகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஆய்வாளரிடம் என் படிவங்களைக் காட்டினேன். "இத்தனையையும் மறுபடி யார் கேக்கறதும்மா, தேதி நெருங்குது" என்றார். முடிவு அவர் நினைத்தபடியே வந்தது. ஆய்வேட்டின் வரம்புகள் பகுதியில், ஆய்வு ஒரு மாவட்டத்தோடு நின்றுவிட்டது என்று ஒரு வரி இருந்தது. திண்ணையைப் பற்றி ஒன்றுமில்லை.

உங்களுக்கு உதவியாளர்கள் இருந்தால் கருதுகோளைச் சொல்லாதீர்கள். எதைச் சோதிக்கிறீர்கள், எந்தப் படிவத்தை எக்காரணத்துக்காக விலக்குவீர்கள் என்பதைத் தரவு வரும் முன்பே எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். படிவத்தை அச்சடிக்கும்போது ஓரத்தில் இரண்டு விரல் இடம் விடச் சொல்லுங்கள். அங்கே அவர்கள் சொன்ன சொல் அப்படியே இருக்கட்டும். எந்த வீட்டுப் பதில் என்று தெரியாத இருவர், தனித்தனியாக உட்கார்ந்து, பிறகு டிக் அடிக்கட்டும்.