குறுக்கெழுத்தில் விடை வருகிறது, விளக்கம் வரவில்லை. எப்படிப் பழகுவது?

நீங்கள் கேட்பது கிரிப்டிக் வகைக் குறுக்கெழுத்தைப் பற்றி, அதாவது குறிப்பே சொல்விளையாட்டாக விடையை ஒளித்துவைக்கும் வகை. கட்டத்தில் ஏற்கெனவே விழுந்த எழுத்துகளை வைத்து விடையை ஊகித்துவிடுகிறீர்கள், ஆனால் குறிப்பிலிருந்து அது எப்படிப் பிறந்தது என்று சொல்ல முடியவில்லை. எனக்கும் பல வருடம் இதே வியாதிதான்.

எங்கள் ஊர் வாசிகசாலையில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கையால் கட்டம் கீறிய தாள் ஒன்றை அறிவிப்புப் பலகையில் குத்திவிடுவார். ஒருநாள் வந்த குறிப்பு: 'ஓலையில் பின்னிய ராசி (4)'. அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. கடைசி எழுத்து 'ம்' என்று தெரிந்திருந்தது. நான் யோசிக்காமல் 'மகரம்' என்று பேனையால் எழுதினேன். வாத்தியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"மகரத்தை எந்த ஓலையில தம்பி பின்னுறது?"

விடை கடகம். எங்கள் வீட்டுக் குசினி மூலையில் ஒடியலோடு (காய்ந்த பனங்கிழங்கு) கிடந்த அதே பனையோலைக் கடகம், கூடை. ராசியை மட்டும் பார்த்தால் ரிஷபம், மிதுனம், கடகம், சிம்மம், மகரம், கும்பம் என்று ஆறு ராசிகள் நாலு எழுத்தில் 'ம்' என்று முடிகின்றன. ஆறில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் 'ஓலையில் பின்னிய' என்ற இரண்டு சொற்களும் அங்கே இருந்தன. நான் அவற்றை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். உங்களுடைய சிக்கலும் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

ஒழுங்காக அமைத்த குறிப்பில் விடையின் நேர்ப்பொருள் ஒரு முனையில் இருக்கும், தொடக்கத்தில் அல்லது முடிவில். மிச்சச் சொற்கள் அதே விடையை எழுத்து எழுத்தாகக் கட்டித்தரும். கடகம் மாதிரிச் சிலேடைக் குறிப்பில் இரண்டு பொருளும் ஒட்டிக்கொண்டு நிற்கும். சும்மா நிற்கும் சொல் இருக்கக்கூடாது. அஃப்ரிட் என்ற புனைபெயரில் ஆங்கிலப் புதிர்கள் அமைத்த ஒருவர் 1949இல் இதையே விதியாக எழுதிவைத்தார்: புதிர் போடுபவர் நேர்ப்பொருளில் பேச வேண்டியதில்லை, ஆனால் உண்மையில் குறிப்பதைச் சொல்லாமல் விடவும் கூடாது. வாத்தியார் அதை "கணக்குக் காட்டு" என்பார். விடை சரியாக இருந்தாலும் கணக்குக் காட்டாவிட்டால் அரைப் புள்ளிதான்.

சரி, கணக்குக் காட்டிப் பார்ப்போம். 'நண்பனைத் தேடினால் உள்ளே நிற்கும் மரம் (2)'. நேர்ப்பொருள் மரம். 'உள்ளே நிற்கும்' என்பது ஒளித்துவைத்த இடத்தைக் காட்டும் சொல். ந, ண், ப, னை, த் என்று பிரித்துப் பாருங்கள்: பனை. 'பாம்பின் பகை, பக்கத்தில் குன்று. தீர்த்தமாடப் போகலாம் (4)': கீரி, மலை, யாழ்ப்பாணத்துக் கீரிமலை. ஆடி அமாவாசைக்கு அங்கே போயிருப்பவர்கள் மலை எங்கே என்று சண்டைக்கு வரவேண்டாம், பெயரில் இருக்கிறது, எனக்கு அது போதும்.

எனக்கு மிகவும் பிடித்த வகை எழுத்தைக் குறுக்குவது. 'குளிர்காற்று குறுகினால் பருத்தித்துறையில் வாங்கலாம் (2)'. குளிர்காற்று வாடை; நெடில் குறிலானால் வடை, பருத்தித்துறையில் பேர்போனது. இதை வெள்ளைக்காரனிடம் கற்றோம் என்று நினைக்காதீர்கள். தண்டியலங்காரம் என்ற பழைய அணியிலக்கண நூலில் சித்திரகவி என்ற சொல்விளையாட்டுப் பாட்டு வகைகளைப் படித்தால் மாத்திரையைக் குறைத்து வேறு சொல்லாக்குவதற்கு மாத்திரைச்சுருக்கம் என்றும், எழுத்தைக் களைவதற்கு அக்கரச்சுதகம் என்றும் பெயரே இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த விளையாட்டை முழுமூச்சாக நடத்திய, டோர்க்கமாடா என்ற புனைபெயர்க்காரர் அப்சர்வர் பத்திரிகையில் புதிர் போடத் தொடங்கியது 1926இல்தான்.

எழுத்துகளைக் கலைத்துப்போடும் வகையில் மட்டும் கவனம். அங்கேதான் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். துணிந்து நானே ஒரு குறிப்பு எழுதி வாத்தியாரிடம் நீட்டினேன்: 'காரங்கள் பல கலந்தும் இனிக்கும் தின்பண்டம் (5)'. விடை பலகாரம். அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சிவப்புப் பேனையால் வெட்டிக்கொண்டு வந்தார். கா, ர, ப, ல தீர்ந்தன. ங், க, ள் மூன்றும் அநாதையாக நின்றன. 'ம்' எங்கிருந்தும் வரவில்லை. 'காரங்கள்' என்பதை 'காரம்' என்று திருத்தினார், அவ்வளவுதான்: காரம் பல, பலகாரம். ஒரே ஐந்து எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்தன. 'கலந்தும்' என்பது கலைத்துப்போடச் சொல்லும் கட்டளை, 'இனிக்கும் தின்பண்டம்' நேர்ப்பொருள். அந்தச் சிவப்புக் கீறல்களைப் பார்த்த பிறகுதான் விளக்கம் என்றால் என்ன என்று எனக்குப் பிடிபட்டது.

தமிழில் இன்னொரு தொல்லை, புணர்ச்சி. மேலே 'நண்பனைத்' என்பதில் வந்த 'த்' மாதிரி ஒற்று இடையில் வந்து நிற்கும். ஒளித்துவைத்த குறிப்பில் அது பரவாயில்லை, வெளியே விட்டுவிடலாம். கலைக்கும் குறிப்பில் வந்தால் அதற்கும் கணக்கு வேண்டும். சிலர் ஒற்றைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறார்கள். எனக்கு அது ஏமாற்று வேலை.

பழக வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். இந்த வாரம் புதுப்புதிர் ஒன்றும் தொடவேண்டாம். விடையோடு வெளிவந்த பழைய புதிர் ஒன்றை எடுங்கள். தென்றல் இதழில் வாஞ்சிநாதன் அமைத்தவை நல்ல தொடக்கம். விடையைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி வாருங்கள். எது நேர்ப்பொருள் என்று கீழே கோடு போடுங்கள். கலந்த, குழம்பிய, தலையிழந்த, திரும்பிய, ஒளிந்த போன்ற வேலைக்காரச் சொற்களைச் சுற்றி வட்டம் போடுங்கள். கோடும் வட்டமும் விழாத சொல் மிஞ்சினால் எழுத்துகளைத் தருவது அதுவாக இருக்கும். அதுவும் இல்லையென்றால் உங்கள் விளக்கம் பிழை, இல்லையேல் அமைத்தவர் பிழை.

அப்புறம், வாத்தியார் பாணியில் ஒன்று விட்டுவிட்டுப் போகிறேன்: 'கதவில் ஓசை எழுப்பி ஆகாயத்தோடு வந்த பழைய வண்டி (5)'. கொடிகாமம் சந்தைப் பக்கத்து ஆட்களுக்கு உடனே பிடிபடும். கருத்துப்பெட்டியில் விடை மட்டும் எழுதினால் அரைப் புள்ளி.