ஊசியும் நூலும்: "மகன் ஆமித் துணி கேட்கிறான், அக்கா"

இந்த மாதத் தபாலில் நான்கு கடிதங்கள் எயார்சொஃப்ற் விளையாட்டைச் சுற்றியே வந்திருக்கின்றன. பிள்ளைகள் வெளிநாடு போகப் போக அவர்களுடைய விளையாட்டும் நம் தையல் மெசினுக்கு வந்து சேர்கிறது. தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: ஆறு மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் குண்டைக் காற்றழுத்தத்தால் தள்ளும் பொய்த் துவக்கோடு, காட்டிலோ பழைய கட்டடத்திலோ இரண்டு அணியாகப் பிரிந்து ஆடுவது. குண்டு பட்டவர் தானாகவே ஒத்துக்கொண்டு வெளியே வரவேண்டும். 1970களில் ஜப்பானில் தொடங்கியது. லண்டன் குறொய்டனில் நான் உடுப்புத் திருத்தும் கடை வைத்திருந்த பதின்மூன்று வருசத்தில் என் மகனுக்கும் அவன் கூட்டாளிமாருக்கும் இந்த விளையாட்டுக்கான உடுப்பு நிறையத் தைத்திருக்கிறேன். ஆகவே தெரிந்ததைச் சொல்கிறேன்.

"என் மகன் இங்கிலாந்தில் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் எயார்சொஃப்ற் ஆடப் போகிறானாம். 'அம்மா, அங்க ஆமித் துணி எடுத்து ரெண்டு களிசான் தைச்சு அனுப்புங்க, இங்க விலை' என்கிறான். மட்டக்களப்பில் அந்தத் துணி எங்கே எடுக்கலாம்?" (ஒரு தாய், ஆரையம்பதி)

தங்கச்சி, அந்தத் துணியை இங்கே தேடவே வேண்டாம். படைச் சீருடைத் துணியோடு ஆட்கள் பிடிபட்ட செய்தி நமக்குப் புதிதில்லை. பிள்ளையின் விளையாட்டுக்கென்று நீங்கள் சொல்லும் விளக்கம் பொலிஸ் நிலையத்தில் எடுபடாது.

எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. என் மகனும் ஒருநாள் இதையே கேட்டான். உருமறைப்புத் துணி நாலு மீற்றர் வாங்கி வந்து மெசினுக்குப் பக்கத்தில் வைத்தான். மூன்று நாள் அது மடித்தபடியே கிடந்தது. 1990இல் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்து வந்தவர்கள் போட்டிருந்ததும் பச்சையும் மண்ணிறமும் கலந்த அதே மாதிரித் துணிதான். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. அவர்களோடு போன அண்ணா திரும்பி வரவில்லை. நாலாம் நாள் மகன் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, இது மரத்துக்குப் பின்னால ஒளிக்கிறதுக்குத்தான்" என்றான். அங்கே பிறந்த பிள்ளைக்கு அந்தத் துணியில் இலையும் மரப்பட்டையும்தான் தெரிகிறது. கத்தரிக்கோலை எடுத்து வெட்டினேன். ஒரேயொரு சத்தியம் வாங்கினேன்: ஊருக்கு வரும் பெட்டியில் இந்தக் களிசான் ஒருநாளும் இருக்கக்கூடாது. இன்றுவரை காப்பாற்றுகிறான். உங்கள் மகனிடமும் அதைக் கேளுங்கள்.

செலவுக் கணக்குக்கு வருவோம். பிரித்தானிய இராணுவம் 2010 முதல் புதிய உருமறைப்புக் கோலத்துக்கு மாறியது. டி.பி.எம் என்ற பழைய கோலத்துச் சேட்டும் களிசானும் மிச்சச் சாமான் கடைகளுக்குக் குவியலாக வந்தன. தபால் செலவைச் சேர்த்துப் பார்த்தால், நான் கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தாலும் அந்த விலைக்குக் கிட்ட வராது. உருமறைப்பு உடுப்புத்தான் வேண்டுமென்றால் அங்கேயே பழையது வாங்கட்டும். முழங்காலும் கவடும் தேயாததாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் தைப்பதானால் ஒரே நிறத்தில் தையுங்கள். மங்கிய ஒலிவ் பச்சை, இல்லையேல் மண்ணிறம். காட்டுக்குள் ஆளைக் காட்டிக்கொடுப்பது அசைவும் முகமும் கையும்தான், துணியின் கோலம் அதற்குப் பிறகு. கறுப்பு வேண்டாம், பகலில் மரங்களுக்கிடையே கறுப்பு தனியே எடுத்துத் தெரியும்.

துணி: பொலியஸ்டர் 65 வீதம், பருத்தி 35 வீதம் கலந்த ட்றில், வேலைக் களிசானுக்கு எடுப்பது. காத்தான்குடிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் சொல்வதோடு விடாமல் ஓரத்தில் நாலைந்து நூல் இழுத்துக் கொளுத்துங்கள். எல்லாம் சாம்பலானால் பருத்தி. உருகிக் கறுத்த மணியாக உறைந்தால் பொலியஸ்டர். கொஞ்சம் சாம்பலும் கொஞ்சம் மணியும் என்றால் நமக்கு வேண்டிய கலப்பு. முழுப் பருத்தி அந்த நாட்டு ஈரத்தில் நனைந்தால் இலேசில் காயாது, பிள்ளை நாள் முழுக்கக் குளிரில் நடுங்குவான். ரிப்ஸ்டொப் கிடைத்தால் இன்னும் நல்லது. சின்னச் சின்னக் கட்டமாகத் தடித்த நூல் ஓடியிருக்கும், முள் கிழித்தாலும் கிழிசல் அந்த நூலோடு நிற்கும்.

அளவு எடுப்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். மகனைக் குந்தியிருந்து, பின்னிடுப்பிலிருந்து கவட்டு வழியாக முன்னிடுப்பு வரை அளந்து அனுப்பச் சொல்லுங்கள். என் மகனுக்கு நின்ற அளவுக்கும் குந்திய அளவுக்கும் இரண்டரை அங்குலம் வித்தியாசம் வந்தது. கவட்டில் நாலு தையல் சந்திக்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்தில் சாய்சதுரத் துண்டு ஒன்று கொடுங்கள். அது இல்லாத களிசான் முதல் நாளே அந்த இடத்தில் பிரியும். முழங்காலுக்கு இரட்டைத் துணி போட்டு, அடிப்பக்கத்தைத் தைக்காமல் வாய் விட்டால், பழைய முகாம் மெத்தையில் வெட்டிய ஒரு சென்ரிமீற்றர் நுரைத் துண்டைச் செருகிக்கொள்வான். தனியாக முழங்கால் கவசம் வாங்கத் தேவையில்லை. பொக்கற் மூடிக்குப் பொத்தான் வையுங்கள். வெல்க்ரோ பிரிக்கிற சத்தம் பத்து மீற்றருக்குக் கேட்கும்.

இன்னொன்று. குண்டு பட்டவர் வெளியே போகும்போது மற்றவர்கள் சுடாமலிருக்க ஒரு சிவப்புத் துணியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போவார்கள். கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டிய சாமானல்ல அது. உங்களுடைய பழைய சிவப்புச் சேலையில் ஒரு முழம் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துப் பார்சலில் வைத்துவிடுங்கள். என் மகனிடம் நான் கொடுத்தது இன்னும் இருக்கிறது.

"கல்முனைப் பிள்ளை நான், இப்போது ஜப்பானில் தொழிற்சாலை வேலை. இங்கே இந்த விளையாட்டைச் சபாகே என்கிறார்கள். கையில் 20,000 யென் இருக்கிறது. கூட்டாளி முதலில் துவக்கு வாங்கு என்கிறான். எதை முதலில் வாங்க?" (ஒரு தம்பி, அயிச்சி)

மனே, துவக்கு கடைசி. அதை மைதானத்தில் வாடகைக்கு எடுக்கலாம், கண்ணை வாடகைக்கு எடுக்க ஏலாது.

என் மகன் முதல் மாதம் சந்தையில் மலிவாக ஒரு கண்ணாடி வாங்கினான், வாயை மூடவில்லை. மூன்றாவது ஞாயிறு வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மேல் முன்பல்லில் பாதியைக் காணவில்லை. பல்லைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். இடது கண்ணுக்கு நேரே மயிரிழை போல ஒரு வெடிப்பு. பிறேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், தரக் குறி ஒன்றுமே இல்லை. அன்றைக்குத்தான் அந்தக் குறிகளைப் படிக்கத் தொடங்கினேன்.

ஐரோப்பாவில் நெடுங்காலமாகப் பார்த்துவந்த தரம் ஈ.என் 166. அதன் கீழ் எஃப், பி, ஏ என்று அடிதாங்கும் தரம் லென்ஸிலும் பிறேமிலும் பொறித்திருக்கும். எஃப் என்றால் ஆறு மில்லிமீற்றர் உருக்குக் குண்டைச் செக்கனுக்கு 45 மீற்றர் வேகத்தில் அடித்துச் சோதித்தது. பி என்றால் 120 மீற்றர் வேகத்தில். அந்தக் குண்டின் நிறை 0.86 கிராம். அடியின் சக்தியை ஜூல் என்ற அலகில் கணக்குப் போட்டால் எஃப் தாங்கியது ஏறக்குறைய 0.87 ஜூல், பி தாங்கியது ஆறு ஜூலுக்கு மேல். ஜப்பானில் 2006இல் திருத்திய சட்டம் இந்தத் துவக்குகளுக்கு விட்டிருக்கிற உச்சம் ஏறக்குறைய 0.98 ஜூல். பார், எஃப் குறியுள்ள கண்ணாடி சோதிக்கப்பட்ட அளவு அதற்குக் கீழே நிற்கிறது. ஆகவே பி குறி பார்த்து வாங்கு. அமெரிக்கத் தரமென்றால் இசட் 87 என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருக்கவேண்டும். முகத்தோடு சுற்றிவர ஒட்டி நிற்கும் கண்ணாடிதான் வேண்டும். பக்கத்தில் இடைவெளி விடும் மூக்குக்கண்ணாடி மாதிரியானது சரிவராது. கம்பிவலைக் கண்ணாடியில் மூச்சு ஆவி படியாது, மலிவு என்பார்கள். குண்டு வலையில் பட்டு உடைந்தால் துணுக்கு உள்ளே போகும். கம்பிவலை வாய்க்கும் கன்னத்துக்கும் போதும், கண்ணுக்கு வேண்டாம்.

லென்ஸில் ஆவி படியாமலிருக்க, கோப்பை கழுவும் திரவம் ஒரு துளியை உள்பக்கம் விரலால் தடவி, மெல்லிய பருத்தித் துணியால் தெரியாமல் போகும்வரை துடை. தின்னர், பெற்றோல் கிட்டவும் கொண்டுபோகாதே. லென்ஸ் செய்யும் பொலிகாபனேற் பிளாஸ்ரிக் வெளியில் நல்லதாகத் தெரியும், உள்ளே வெடித்திருக்கும்.

உன் 20,000த்தை நான் இப்படிப் பிரிப்பேன்: கண்ணுக்கும் வாய்க்கும் 7,000, காலுக்கு 5,000, உடுப்புக்கு 4,000, மீதி 4,000 முதல் நாள் வாடகைத் துவக்குக்கு. காலுக்கு இவ்வளவா என்று கேட்காதே. மரவேரில் கால் மடங்கினால் திங்கட்கிழமை தொழிற்சாலையில் நிற்க ஏலாது, சம்பளம் வெட்டுப்படும். கணுக்காலை மூடும், அடி ஆழமாக வெட்டிய சப்பாத்து எடு. உடுப்புக்கு எயார்சொஃப்ற் கடைக்குப் போகாதே. வேர்க்மேன் போன்ற வேலையாள் உடுப்புக் கடைகளில் முழங்கால் வளைந்து கொடுக்கும் களிசான் மலிவாகக் கிடைக்கும், என் மருமகன் அங்கேதான் வாங்குகிறான். தோட்ட வேலைக் கையுறையே போதும். பெரிய அங்கி, ஹெல்மெற் எல்லாம் படம் எடுக்க வடிவு. தொடக்கத்தில் ஒரு நல்ல பெல்ற்றும் இரண்டு பையும் இருந்தால் நாள் ஓடிவிடும்.

போகும்போது சாதாரண உடுப்பில் போய் மைதானத்தில் மாற்று. துவக்கு வாங்குகிற காலத்தில் அதைப் பைக்குள் மூடியே கொண்டுபோ. ஊருக்கு வரும்போது அது ஜப்பானிலேயே இருக்கட்டும், நம் விமான நிலையத்தில் அதை யாரும் விளையாட்டுச் சாமானாகப் பார்க்க மாட்டார்கள்.

"கனடாவிலுள்ள ஒருவருக்காகப் பைகள் கொழுவும் பட்டி வைத்த அங்கி தைக்கும் ஓடர் வந்திருக்கிறது. மாதிரிப் படம் மட்டும் தந்தார்கள். பட்டிக்கு என்ன அளவு?" (தையல் பழகும் தங்கை, களுவாஞ்சிக்குடி)

இதை மொல்லி முறை என்பார்கள். அளவு உலகம் முழுக்க ஒன்றுதான். பட்டியின் அகலம் ஒரு அங்குலம், அதாவது 25 மில்லிமீற்றர். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி இன்னொரு அங்குலம். ஒவ்வொரு வரியிலும் ஒன்றரை அங்குலத்துக்கு, 38 மில்லிமீற்றருக்கு, பட்டியைத் துணியோடு இறுக்க ஒரு குத்துத் தையல். கடையில் வாங்கும் பை எதுவானாலும் இரண்டு தையலுக்கு இடையிலுள்ள இந்த ஓட்டையில்தான் ஏறும். நீ 38ஐ 40 என்று சுலபத்துக்கு எடுத்தால் ஆறாவது ஓட்டையில் 12 மில்லிமீற்றர் தள்ளிப்போய்விடும், பை ஏறாது. அடிமட்டம் வைத்து ஒவ்வொன்றாக அளக்காதே. கடின மட்டையில் 38 மில்லிமீற்றர் பல்லு வெட்டி ஒரு சீப்பு மாதிரிச் செய்து, பட்டி மேல் வைத்துச் சோக்கட்டியால் குறி.

குத்துத் தையல் போடும் மெசின் உன்னிடம் இருக்காது. வீட்டு மெசினில் நெருக்கமான சிக்சாக் இரண்டு தடவை, அதுவும் இல்லையென்றால் நேர்த்தையல் ஐந்து தடவை போய்வா. பதினாறாம் நம்பர் ஊசி, பொலியஸ்டர் நூல். பருத்தி நூல் வேர்வையில் இற்றுப்போகும். அடித்துணிக்குப் பள்ளிக்கூடப் பை தைக்கும் தடித்த துணி சரிவரும். பட்டியைப் பை திருத்தும் கடைகளில் கெஜக் கணக்கில் வாங்கலாம். வெட்டிய நுனியை மெழுகுதிரியில் காட்டி உருக்கு, இல்லாவிட்டால் இழை பிரியும். நிறம் ஒரே நிறமாகவே கேள். உருமறைப்பு நிறத்தில் வேண்டுமென்றால் ஓடரைத் திருப்பிக் கொடு பிள்ளை, அந்தக் காசு உனக்கு வேண்டாம்.

"ஆடி அமாவாசைத் திருவிழாக் கடையில் வாங்கிய குண்டுத் துவக்கை வைத்து என் பத்து வயது மகன் மற்றப் பிள்ளைகளோடு விளையாடுகிறான். அதுவும் இதுவும் ஒன்றா? கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் போதுமா?" (ஒரு தகப்பன், வாழைச்சேனை)

குண்டு ஒன்றுதான் தம்பி, அதே ஆறு மில்லிமீற்றர். வேகம் குறைவாக இருக்கலாம், ஆனால் பிள்ளைகள் சுடுவது ஐந்து அடியில் நின்று. மைதானத்தில் நடுவர் இருக்கிறார், கண்ணாடி கழற்றினால் வெளியே அனுப்புவார். ஒழுங்கையில் யார் இருக்கிறார்கள்? உங்கள் மகனுக்கு மட்டும் கண்ணாடி வாங்கினால் எதிரே நிற்கிற பிள்ளைக்கு என்ன செய்வது? துவக்கை அவனிடமிருந்து வாங்கி அலுமாரி மேலே வைத்துவிடுங்கள். அவன் அழுதால் ஒரு பழைய ரின்னை வேலியில் வைத்து, நீங்கள் பக்கத்தில் நின்று, வேறு பிள்ளை இல்லாத நேரம் சுட விடுங்கள்.

எந்தப் பிள்ளைக்காவது கண்ணில் பட்டுவிட்டால் கசக்க விடாதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள், வீட்டு மருந்து ஊற்றாதீர்கள். வெளியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம். பார்வை மங்கினாலோ, வெளிச்சம் கூசினாலோ, கருவிழியின் கீழ்ப்பகுதியில் சிவப்பாகத் தேங்கியிருந்தாலோ விடியும்வரை காத்திராமல் அந்த இரவே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். போகும் வழியில் பிள்ளையைப் படுக்க வைக்காமல் தலையை நிமிர்த்தி இருத்துங்கள்.