முள் ஏறினால் சீழ், கொலுசு போட்டால் அரிப்பு: உங்கள் கேள்விகளுக்கு டாக்டரம்மா பதில்

சேலத்திலிருந்தும் ஏற்காடு மலையிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற டாக்டரம்மா பதில் சொல்கிறார்.

ஏற்காடு, காப்பித் தோட்ட மேஸ்திரி: கவாத்து பண்ணும்போது விரல்ல முள்ளு ஏறிருச்சுங்க. எடுக்காம விட்டுட்டேன். நாலு நாள்ல வீங்கி, சீழ் வச்சு, முள்ளு தானா வெளிய வந்துருச்சு. அதைத் தள்ளினது யாருங்கம்மா?

உங்கள் ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்கள்தான். 1882ல் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும் நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்துக் கிடந்தன. 1908ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் விரலில் நடந்ததும் அதுவேதான். கிழிந்த சதை ரசாயனங்களைக் கசியவிட, பக்கத்து ரத்தக்குழாய்கள் விரிந்தன. அதனால்தான் சிவப்பும் சூடும். குழாயிலிருந்து நீர் கசிந்ததால் வீக்கம். நியூட்ரோபில் என்ற அணுக்கள் வந்து முள்ளோடு உள்ளே போன கிருமிகளை விழுங்கிச் செத்தன. செத்தவைதான் சீழ். அதுவும் இளகிப்போன சதையும் சேர்ந்து முள்ளை வெளியே கொண்டுவந்தன. ஆனாலும் மண்ணில் கிடந்த முள் என்றால் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். சர்க்கரை இருக்கிறவர்கள் இப்படிக் காத்திருக்கவே கூடாது.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறைக்காரர்: எங்ககிட்ட கொலுசு வாங்கின பொண்ணு கணுக்கால் அரிக்குது, வெள்ளி மட்டம்னு திருப்பிக் கொண்டாந்துருச்சுங்க. அதே மாதிரிக் கொலுசு போட்ட மத்தவங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல. தப்பு எங்க மேலயா?

வெள்ளி அரிப்பை உண்டாக்குவது அபூர்வம். கலப்பிலோ கொக்கியிலோ மேல்பூச்சிலோ நிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் எல்லாருக்கும் அரிக்காது. காரணம் சொல்கிறேன், இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

நிக்கல் அணு மிகச் சின்னது. தனியாக வந்தால் நம் உடம்பு அதைக் கண்டுகொள்வதில்லை. வியர்வையில் கரைந்து தோலுக்குள் போய், நம் சொந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்போதுதான் வம்பு. ஒட்டிய புரதம் உடம்புக்கு அந்நியமாகத் தெரிகிறது. தோலில் காவலிருக்கும் சில செல்கள் அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து நிணக்கணுவுக்குப் போகும். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அந்த இடம்தான். அங்கே இருக்கிற டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களில் இந்தப் புது உருவத்தோடு பொருந்துவது எதுவோ அது மட்டும் பெருகி, நினைவு வைத்துக்கொள்ளும். இதற்கு ஓரிரு வாரம் ஆகும். அந்தக் காலத்தில் அரிப்பும் இருக்காது, அறிகுறியும் இருக்காது. அடுத்த முறை நிக்கல் பட்டால்தான் ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிவந்து, பொரிந்து, நீர் கோர்க்கும்.

இந்தத் தாமதத்தால்தான் ஜனங்கள் ஆளை மாற்றிப் பிடிக்கிறார்கள். முந்தாநாள் மாட்டியதை விட்டுவிட்டு, நேற்றுச் சாப்பிட்ட கத்திரிக்காய் மேல் பழி போடுவார்கள். அந்தப் பெண்ணுக்கு இது உங்கள் கொலுசில் தொடங்கியிருக்க வேண்டும் என்றும் இல்லை. சின்ன வயதில் காது குத்தி மாட்டிய கவரிங் தோட்டில் ஆரம்பித்திருக்கலாம். தோல் டாக்டரிடம் போனால் முதுகில் ஒட்டுச் சோதனை செய்வார்கள். 48 மணி நேரம் ஒட்டி வைத்து எடுத்துவிட்டு, ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். நிக்கல் என்று தெரிந்தால் அது அநேகமாக ஆயுசுக்கும் கூடவே இருக்கும். நிக்கல் இல்லாத கொக்கி போட்டு வேறு கொலுசு கொடுங்கள், சண்டை வேண்டாம்.

ஓமலூர், லாரி டிரைவர்: விபத்துல தொடை எலும்பு முறிஞ்சு ஸ்டீல் பிளேட் வச்சிருக்காங்க. உடம்பு அதை ஏத்துக்காம தள்ளிரும்னு சொல்றாங்களே?

மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தாக்குவது போல பிளேட்டைத் தாக்காது. சுற்றி நார்த்திசுவைக் கட்டி அதைத் தனியாக ஒதுக்கி வைத்துவிடும், அவ்வளவுதான். கவரிங் நகை ஆகாதவர் என்றால் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

வாழப்பாடி, விவசாயி: பார்த்தீனியம் புடுங்கிப் புடுங்கி அப்பாவுக்கு முகம், கழுத்து, கண் இமை எல்லாம் தோல் தடிச்சுக் கருத்துப் போச்சு. இத்தனை வருசம் ஒண்ணும் பண்ணாத செடி இப்ப ஏன் பண்ணுதுங்க?

கொலுசுக்குச் சொன்ன அதே கதைதான். அந்தச் செடியில் பார்த்தீனின் என்ற பொருள் இருக்கிறது, அது தோல் புரதத்தோடு ஒட்டும். பல வருடம் பட்டுப் பட்டு, ஒரு நாள் டி செல்கள் அதைப் படித்துக்கொள்ளும். அதன்பிறகு செடியைத் தொடக்கூட வேண்டாம், காற்றில் வரும் தூசியே போதும். அதனால்தான் துணி மூடாத இடத்தில் மட்டும் வருகிறது. 1950களில் இந்தியாவில் தென்பட ஆரம்பித்த செடி, இன்றைக்கு ரோட்டோரம் முழுக்க அதுதான். அப்பா இனி அதைப் புடுங்கக் கூடாது. மற்றவர்கள் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு, பூக்கும் முன்பே புடுங்கட்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாங்காய்ப் பால் பட்டால் சிலருக்கு உதடு வெந்துபோகிறதே, அதுவும் இதே வகைதான். மாவும் முந்திரியும் சேராங்கொட்டையும் ஒரே குடும்பம். அந்தக் காலத்தில் வெளுக்கிற துணிக்குச் சேராங்கொட்டைச் சாறில் குறி போடுவார்கள். குறி இருந்த இடத்துக்கு நேராகப் பிடரியில் புண் வந்தவர்கள் உண்டு.

ஏற்காடு, தங்கும் விடுதி நடத்துபவர்: ஒரே ஒரு கதண்டு கொட்டினதுக்கு விருந்தாளி ஒருத்தர் அஞ்சு நிமிசத்துல மயங்கி விழுந்துட்டாரு. தோட்டக்காரருக்குப் பத்து கொட்டு, வெறும் வீக்கம்தான். இது எப்படிங்க?

விருந்தாளியை எப்போதோ ஒரு குளவி கொட்டியிருக்கும். அவர் மறந்திருப்பார், உடம்பு மறக்கவில்லை. அப்போது அந்த விஷத்துக்கென்று ஐஜிஇ என்ற வகை ஆன்டிபாடி, அதாவது அந்நியப் பொருளைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதம் உண்டாகி, மாஸ்ட் செல்கள் என்ற காவல் அணுக்களின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது அதே விஷம் வந்ததும் அந்த அணுக்கள் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தை மொத்தமாகக் கொட்டிவிட்டன. ரத்தக்குழாய் எல்லாம் ஒரே நேரத்தில் விரிந்து பிரஷர் விழுந்தது. சிலருக்குத் தொண்டையும் அடைக்கும். இதற்கு மருந்து அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கச் சதையில். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம். அலர்ஜி மாத்திரை இதற்கு ஈடாகாது. ஆளைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கி வையுங்கள், எழுப்பி நடத்தாதீர்கள். மூச்சு திணறினால் மட்டும் உட்காரவைக்கலாம். முதல் ஊசி மலை மேலேயே விழவேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம் என்பதால் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். தோட்டக்காரருக்கு அந்த ஆன்டிபாடி இல்லை. ஆனால் நூறு, இருநூறு கொட்டு என்றால் அலர்ஜியே வேண்டாம், விஷமே ஆளைக் கொல்லும்.

ஆத்தூர், கல்லூரி மாணவி: அப்பாவைக் கண்ணாடி விரியன் கடிச்சது. விஷமுறிவு மருந்து ஏத்திப் பிழைச்சுட்டார். பத்து நாள் கழிச்சு காய்ச்சல், மூட்டு வலி, உடம்பெல்லாம் தடிப்பு. விஷம் இன்னும் இறங்கலைன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்கம்மா.

விஷம் இல்லை கண்ணு, குதிரை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குக் கொடுப்பார்கள். குதிரையின் உடம்பு அதற்கு ஆன்டிபாடி செய்யும். அதைப் பிரித்தெடுத்ததுதான் அப்பாவுக்கு ஏற்றிய மருந்து. ஒரு உயிரின் ரத்தத்தில் உண்டான எதிர்ப்பை இன்னொன்றுக்குக் கொடுக்கலாம் என்று 1890ல் பெரிங், கிடசாட்டோ என்ற இரண்டு விஞ்ஞானிகள் காட்டினார்கள். நம் ஊரில் இதற்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் மாமல்லபுரம் பக்கம் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

விஷத்தை அந்த ஆன்டிபாடி கட்டிப்போட்டது சரி. ஆனால் அதுவே குதிரைப் புரதம், அப்பாவின் உடம்புக்கு அந்நியம். ஒரு வாரம் பத்து நாளில் அவர் உடம்பு அதற்கு எதிர் ஆன்டிபாடி செய்தது. இரண்டும் பின்னிக்கொண்டு மூட்டிலும் தோலிலும் போய்ப் படிந்தன. வான் பிர்க்கே, ஷிக் என்ற இரண்டு டாக்டர்கள் 1905லேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார்கள். டாக்டரிடம் காட்டுங்கள், மாத்திரையில் அடங்கிவிடும். சிறுநீர்ப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். நாளைக்கு மறுபடி பாம்பு கடித்தால் இதைச் சொல்லி மருந்தை மறுக்கக் கூடாது. விஷயத்தைச் சொல்லிவிட்டு ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அம்மாபேட்டை, இல்லத்தரசி: நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்ட என்னங்கம்மா சாப்பிடணும்?

இதைக் கேட்காத ஆளே இல்லை. மேலே இருக்கிற கேள்விகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கொலுசு, பார்த்தீனியம், கதண்டு, குதிரை மருந்து என நாலு பேருக்கும் எதிர்ப்பு குறைந்தா நோய் வந்தது? தாக்க வேண்டாததைத் தாக்கியதால் வந்தது. தினமும் இட்லியும் பருப்பும் கறியும் சாப்பிடுகிறோம், அத்தனையும் அந்நியப் புரதம்தான். குடல் அவற்றோடு சண்டை போடாமல் இருப்பதற்கு, எதிர்ப்பை அடக்கிவைக்கிற ஒரு வகை டி செல்களும் ஒரு காரணம். 1995ல் சகாகுச்சி என்ற ஜப்பானியர் அவற்றை அடையாளம் காட்டினார். இன்னும் இரண்டு பேரோடு சேர்த்து 2025ல் அவருக்கு நோபல் கொடுத்தார்கள். பிறவியிலேயே அந்த அணுக்கள் சரியாக அமையாத குழந்தைகளுக்குச் சொந்தக் குடலையும் கணையத்தையும் உடம்பே அழிக்கிறது.

கஷாயம் பிடித்தால் குடியுங்கள், நான் தடுக்கவில்லை. கூட்டித் தருகிறேன் என்று டப்பாவில் விற்பதற்குக் காசு கொடுக்காதீர்கள். முட்டை, பருப்பு, கீரை, தூக்கம், குழந்தையின் தடுப்பூசி அட்டை இவையெல்லாம் சரியாக இருந்தால் போதும்.

குகை, நெசவாளர்: அம்மை ஒருக்கா போட்டா மறுபடி வராதுன்னு சொல்வாங்க. மாமியாருக்கு இப்ப அக்கி வந்திருக்கு. அதுவும் அதே கிருமின்னு டாக்டர் சொல்றாரே?

அதே கிருமிதான். சின்னம்மை இறங்கினாலும் கிருமி நரம்பு முடிச்சில் ஒளிந்துகொள்ளும். வயதாகி டி செல்களின் பிடி தளரும்போது அந்த நரம்பு வழியாகவே வெளியே வரும். செம்மண் குழைத்து அக்கி எழுதினால் மனசுக்கு ஆறுதல். டாக்டர் தரும் மாத்திரையை, அக்கி கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிடுங்கள். கண் பக்கம் வந்திருந்தால் இன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.

சூரமங்கலம், பள்ளி ஆசிரியர்: பையனை நாய் கடிச்சு ரத்தம் வந்துச்சு. கையில தடுப்பூசி போட்டதோட, கடிவாயைச் சுத்தியும் ஊசி போட்டாங்க. எதுக்கு ரெண்டுங்கம்மா?

தடுப்பூசி, பையனின் உடம்பு தானே ஆன்டிபாடி செய்யக் கற்றுக்கொள்வதற்கு. முதல் முறை என்பதால் அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கிருமி அதுவரை காத்திருக்காது, காயத்திலிருந்து நரம்புக்குள் ஏறப் பார்க்கும். அந்த இடைவெளிக்குத்தான் ஏற்கெனவே தயாராக இருக்கும் ஆன்டிபாடியைக் கடிவாயிலேயே போட்டார்கள். இரண்டில் ஒன்றை விட்டாலும் ஆபத்து. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவினீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. மிச்ச ஊசிகளின் தேதி சீட்டில் இருக்கும். நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்றோ, பரீட்சை நாள் என்றோ காரணம் காட்டி ஒன்றைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.