அக்காவிடம் கேளுங்கள்: கட்டடத்துக்குக் காப்புறுதி இருந்தால் போதுமா?

கேள்வி: ஏ9 வீதியோரப் பொது உணவகம் ஒன்றில் ஆறு பெண்கள் தனித்தனி அடுப்பில் சமைத்து விற்கிறோம். நான் குரக்கன் பிட்டும் ஒடியல் கூழும் செய்கிறேன். சாப்பிடும் மண்டபம் எல்லோருக்கும் பொது. கட்டடத்துக்குக் காப்புறுதி இருக்கிறது என்கிறார்கள். எனக்கென்று தனியாக எடுக்க வேண்டுமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: கட்டாயம் எடுங்கள், தங்கச்சி. கட்டடக்காரர் எடுத்தது பெரும்பாலும் சுவருக்கும் கூரைக்கும்தான். பத்திரத்தின் பிரதியைக் கேட்டுப் பாருங்கள். அதில் உங்கள் பெயர் இல்லையென்றால், உங்கள் அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் மா மூட்டையும் எரிந்தாலும் உங்கள் கைக்கு எதுவும் வராது.

சாதாரணத் தீக் காப்புறுதி அடிப்படையில் தீக்கும் மின்னலுக்குமானது. வெள்ளத்தைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். 2018 டிசம்பரில் இரணைமடுப் பக்கம் தண்ணீர் ஏறியதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

எனக்குக் கூடுதல் கவலை தருவது பொதுப் பொறுப்புக் காப்புறுதிதான்; அதாவது உங்களால் பிறருக்கு நேரும் நட்டத்துக்கான காப்புறுதி. 2021 கடைசியில் எரிவாயு சிலிண்டர்கள் நாடெங்கும் வெடித்தபோது எத்தனை சமையலறைகள் நாசமாகின! உங்கள் அடுப்பிலிருந்து தீ பரவிப் பக்கத்து அடுப்புக்காரியின் பொருள் எரிந்தால் அவர் உங்களிடம்தான் நட்டம் கேட்பார். இன்னொன்று: ஒருவர் உங்கள் பிட்டையும் அடுத்தவரின் மீன் குழம்பையும் ஒரே மேசையில் சாப்பிட்டுவிட்டு வயிற்றோட்டத்தில் படுத்தால், பழி இருவர் மேலும் விழும். ஆகவே “உணவு நஞ்சாதல் இதில் அடங்குமா?” என்று நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் மருத்துவச் சான்றிதழ், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்துப்போன பதிவு, மீனும் மாவும் வாங்கிய பற்றுச்சீட்டு எல்லாம் அந்த நாளில் உங்களுக்காகப் பேசும்.

காப்புறுதிக்காக நீங்கள் கட்டும் கட்டுப்பணம் குறையட்டும் என்று பொருளின் பெறுமதியைக் குறைத்து எழுதாதீர்கள். 4 இலட்சம் ரூபாய்ப் பொருளை 2 இலட்சம் என்று எழுதினால், 1 இலட்சம் நட்டத்துக்கு 50,000 ரூபாய்தான் கிடைக்கும். பாதிக்கு எழுதியவருக்குப் பாதிதான் என்பது காப்புறுதி நிறுவனங்களின் கணக்கு. கஷ்டப்பட்டுச் சேர்த்த பொருள், முழுப் பெறுமதியையும் எழுதுங்கள்.

ஆறு பேரும் ஒன்றாகக் காப்புறுதி நிறுவனத்துக்குப் போய்ப் பேசுங்கள். தனியாகப் போகிறவரைவிட உங்கள் சொல்லுக்கு மதிப்பிருக்கும். ஆனால் ஒவ்வொருவரின் பெயரும் பொருட்களும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். உதவிக்குச் சம்பள ஆள் வைத்திருந்தால் அவருக்கு அடுப்படியில் நேரும் காயத்துக்கும் வழி கேளுங்கள். பத்திரத்தைத் தமிழில் கேளுங்கள். முகவரிடம் பற்றுச்சீட்டு இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். இழப்பீட்டில் தகராறு வந்தால், முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள்; சரிவராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம்.