அறிவியல் ஆய்வின் படிகள்: காவலூர் உதாரணம்

கேள்வி, கவனிப்பு, கருதுகோள், சோதனை, முடிவு என்ற பாடப்புத்தக வரிசை நிஜத்தில் அப்படியே நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் நடக்காது. நம்ம வட ஆற்காட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகிறது என்று கணக்கிட்டிருந்தார்கள். அதை வைத்துக் கிரகத்தின் அளவையும் வளிமண்டலத்தையும் அறியலாம், கேள்வி அவ்வளவுதான். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தின் ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, கிரகம் மறைக்காத நேரத்திலேயே நட்சத்திர ஒளி சில விநாடிகள் மங்கி மீண்டது தெரிந்தது. யாரும் தேடிப்போகாத விஷயம் இது.

ஏதோ புதிய துணைக்கோள் குறுக்கே வந்திருக்கும் என்பது காவலூர்க்காரர்களின் கருதுகோள். நியாயமான ஊகம்தான். அப்புறம் மற்றவர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். அமெரிக்கக் குழு ஒன்று இந்தியப் பெருங்கடல் மேலே விமானத்தில் பறந்தபடி பதிவு செய்திருந்தது. அதில் கிரகத்தின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே தூரங்களில் ஒளி பலமுறை மங்கியிருந்தது. துணைக்கோளால் அப்படி முடியாது, வளையங்களால் முடியும். துணைக்கோள் ஊகத்தைக் கைவிட்டார்கள். பள்ளி புராஜெக்டில் பிள்ளைகள் தவறவிடும் படி இதுதான், ஊகம் பொய்த்தால் மார்க் போய்விடும் என்று பயம்!

1986இல் வாயேஜர் 2 விண்கலம் அருகே போய் அந்த வளையங்களைப் படமெடுத்தது.